உறுதியில் இருக்கும் அயலவர்

கடந்த ஐப்பசியில் ஒரு நாள் காணி அலுவல் ஒன்றுக்காக யாழ்ப்பாண நகருக்குப் போயிருந்தேன். கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. அதற்குள் என் தகப்பனாரின் பெயரில் உள்ள உறுதியின் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலரின் கடிதம். இடம்பெயர்ந்த குடும்பம் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு பை இருக்கும். ஷெல் விழுந்த நாட்களில் பிள்ளைகளுக்கு அடுத்ததாக நாங்கள் தூக்கிக்கொண்டு ஓடியது இதைத்தான். உங்கள் வீட்டில் அது எந்த ஆணியில் தொங்குகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

அலுவலகத்தில் இருந்த உத்தியோகத்தர் இளம் வயதுக்காரர். உறுதியைப் பொறுமையாக வாசித்துக்கொண்டு போனவர், 'கிணற்றில் நாலில் ஒரு பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்' என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"ஐயா, இதிலை சொல்லியிருக்கிற கிணறு எது?"

"அது தூர்ந்து போன பழைய கிணறு தம்பி. பிறகு நாலு பங்காளரும் சேர்ந்து பக்கத்திலை புதுக் கிணறு வெட்டினவை. அதிலைதான் நாங்கள் இறைச்சது."

"அதுக்கு எழுத்து ஏதும் இருக்கோ?"

"இல்லை. வாய்ப்பேச்சுத்தான்."

"அப்ப, அந்த நாளிலை நிண்ட ஆக்கள் ஆரும் இப்ப இருக்கினமோ?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஆனி மாதம் கேட்டிருந்தால் "இருக்கினம், இரண்டு பேர்" என்று சொல்லியிருப்பேன். ஆனிக்கும் ஆவணிக்கும் இடையில் இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

என் முகத்தைப் பார்த்த அவர் மரியாதையாகச் சொன்னார்: "பெரியவர் இரண்டு மணிக்குத்தான் வருவார். யோசிச்சுக்கொண்டு வாங்கோ ஐயா."

மழைக்கு ஒதுங்கிய இடம்

இரண்டு மணிவரை எங்கே போவது? பஸ் நிலையத்துக்குப் போய் இருக்கலாம் என்று நடந்தவன், யோசனையில் வேறு வழியால் போய் நாவலர் வீதிக்கு வந்துவிட்டேன். மழை பிடித்துக்கொண்டது. குடை இல்லை. பையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, திறந்திருந்த ஒரு படலைக்குள் ஓடினேன். முன்னால் நாவலர் கலாசார மண்டபம். அதற்குப் பின்னால் இருந்த கட்டடத்து வாசலில் பழைய பீரங்கிகளையும், திமிங்கிலத்தின் பெரிய எலும்புகளையும் கண்ட பிறகுதான், நிற்கும் இடம் நூதனசாலை என்று விளங்கியது. இத்தனை வருடம் யாழ்ப்பாணத்துக்கு வந்து போகிறேன். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. நூதனசாலை பார்ப்பது படித்தவர்களுக்கும் வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கும் உரியது என்று ஒரு நினைப்பு.

மழை விடவில்லை. உள்ளே போனேன்.

ஒரு பல்லக்கு இருந்தது. ஏழு வாய் உள்ள ஒரு மண்பானை இருந்தது. அதை இசைக்கருவியாகப் பயன்படுத்தினார்களாம். கந்தரோடையில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தவை ஒரு பக்கம் இருந்தன. கந்தரோடை எங்களுக்குத் தூரத்து இடமல்ல. சுன்னாகத்துக்குப் பக்கத்துத் தோட்டக் கிராமம். 1917ஆம் ஆண்டளவில் போல் பீரிஸ் என்ற அறிஞர் அங்கே ஆராய்ச்சி செய்தார். 1970இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் அகழ்ந்து பார்த்தார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாக அங்கே மக்கள் குடியிருந்திருக்கிறார்கள் என்பது அதனால் உறுதியாயிற்று.

நாங்கள் தோட்டம் கொத்தும்போதும் மண்வெட்டியில் இப்படி ஓடுகள் வந்து தட்டுப்படும். எடுத்து வேலிக்கு வெளியே எறிவோம். அந்த மாதிரி ஓட்டைக் கண்ணாடிக்குள் வைத்து, கீழே துண்டு எழுதி வைத்திருப்பதைப் பார்க்க எனக்குக் கூச்சமாகவும் இருந்தது.

மழைக்கு ஒதுங்கிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலரும் ஓர் ஆசிரியையும் உள்ளே வந்தார்கள். பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை ஒரு சட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"டீச்சர், இதிலை சமைச்ச ஆக்களின்ரை பேர் என்ன?"

"அது தெரியாது பிள்ளை."

"ஏன் தெரியாது?"

"ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை."

ஆசிரியை சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். நான் அந்தச் சட்டிக்கு முன்னால் நின்றுவிட்டேன். எங்கே எடுத்தது என்று இருக்கிறது. எந்தக் காலம் என்று இருக்கிறது. யார் என்பது மட்டும் இல்லை. ஒரு நேரம் அந்தச் சட்டியைச் சுற்றியும் ஒரு வளவு இருந்திருக்கும். அந்த வளவுக்கும் நாலு எல்லை இருந்திருக்கும். எல்லையில் அயலவர் இருந்திருப்பார்கள்.

பையைத் தொட்டுப் பார்த்தேன். நனையவில்லை.

நாலு திசையிலும் நாலு பேர்

எங்கள் பகுதி உறுதிகளை வாசித்தவர்களுக்கு ஒன்று தெரியும். காணிக்கு ஒரு பெயர் இருக்கும். எத்தனை பரப்பு என்று இருக்கும். அதன் பிறகு எல்லை வரும். கிழக்கு இன்னாருக்கும் பங்காளருக்கும் உரிய காணி, வடக்கு ஒழுங்கை, மேற்கு இன்னாருடையது, தெற்கு இன்னாருடையது என்று எழுதியிருப்பார்கள். அதாவது, என் காணி எங்கே முடிகிறது என்பதைச் சொல்வது என் அயலவரின் பெயர். அவர் இல்லாமல் என் உறுதியை எழுதவே முடியாது.

என் உறுதியில் மேற்கு எல்லைக்காரர் இந்த ஆனியில் இறந்தார். வயது 84. நாங்கள் எல்லோரும் அவரை அப்பு என்போம்.

உண்மையைச் சொல்ல வேண்டும். ஊரில் இருந்தபோது நாங்கள் நல்ல அயலவர்களாக இருக்கவில்லை. 1988இல் வேலி அடைக்கும்போது ஒரு கதியாலில் சண்டை வந்தது. கதியாலை அரை முழம் எங்கள் பக்கம் தள்ளி நட்டுவிட்டார் என்று என் தகப்பனார். முன்பு நின்ற இடத்தில்தான் நட்டேன் என்று அவர். இரண்டு வருடம் கதை பேச்சு இல்லை. அவர் வீட்டுக் கலியாணத்துக்கு நாங்கள் போகவில்லை. எங்கள் வீட்டுச் செத்தவீட்டுக்கு அவர்கள் வரவில்லை. ஒரே கிணற்றில் அவர் முறை முடிந்து எங்கள் முறை வரும்போது, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்.

1990 ஆனியில் மீண்டும் யுத்தம் மூண்டது. வலிகாமம் வடக்கில் இருந்த நாங்கள் எல்லோரும் ஓடினோம். அரை முழத்துக்குச் சண்டை போட்ட இரண்டு குடும்பமும் அத்தனை பரப்பையும் விட்டுவிட்டு, ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்தில் பாய் விரித்தோம். இடையில் வேலி இல்லை. ஒரு சீலைதான் தொங்கியது. மூன்றாம் நாள் என் மகனுக்குக் காய்ச்சல். இரவு சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அப்பு. திரும்பி வந்து, "உன்ரை உறுதியிலை நான் மேற்கு. என்ரை உறுதியிலை நீ கிழக்கு. இனி நாங்கள் சண்டை பிடிச்சு எங்கை போறது தம்பி?" என்றார்.

அதன் பிறகு முகாமில் பக்கத்துக் கொட்டில். 1995 ஐப்பசியில் எல்லோரும் தென்மராட்சிக்கு நடந்தபோது ஒரே மரத்தடி. மறு வருடம் திரும்பி வந்த பிறகும் ஒரே ஒழுங்கையில் வாடகைக் காணி. முப்பத்தைந்து வருட அயல் அது. ஊரில் இருந்த அயலைவிட நீண்டது.

அப்புவுக்குத் தெரியாத வேலை இல்லை. இளமையில் துலா மிதித்தவர். இன்றைய பிள்ளைகளுக்குத் துலா இறைப்பு எப்படி என்று தெரியாது. கிணற்றடியில் ஆடுகால் நட்டு, அதன் மேல் நீண்ட மரத்தைப் பூட்டியிருப்பார்கள். ஒருவர் அந்தத் துலாவின் மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்துத் தண்ணீரை ஊற்றுவார். இன்னொருவர் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். மூன்று பேர் இல்லாமல் இறைக்க முடியாது. வீட்டில் இரண்டு பேர் என்றால் மூன்றாமவர் அயலவர்தான். பிறகு தண்ணீர் இறைக்கும் இயந்திரம் வந்தது. ஒருவரே இறைக்கலாம் என்றாயிற்று. "மெசின் வந்த பிறகுதான் தம்பி வேலிச்சண்டை கூடினது" என்று அப்பு சொல்லுவார். அது எவ்வளவு சரி என்று நான் சொல்ல மாட்டேன். அவர் அப்படித்தான் கண்டார்.

தெற்கு எல்லையில் இருந்தவர் ஆச்சி. ஆவணியில் போனார். வயது தொண்ணூறுக்கு மேல். 1962இல் புதுக் கிணறு வெட்டியபோது ஆச்சி இளம் பெண். வேலையாட்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றியவர். தங்கள் பங்குக் காசு போதாமல் தன் கையிலிருந்த இரண்டு காப்பையும் அடகு வைத்தவர். அந்தக் காப்புகளை மீட்க நாலு வருட வெங்காயம் போனது என்று கணக்குச் சொல்லுவார். "அந்தக் கிணத்திலை என்ரை காப்புக் கிடக்கு" என்பது அவர் பேச்சு. எங்களுக்கு அது பகிடி. இப்போது யோசித்தால், அந்தக் கிணற்றில் அவருக்கு இருந்த பங்குக்கு அந்தப் பேச்சைத் தவிர வேறு எழுத்து இல்லை.

இரண்டு பேரும் ஊரைப் பார்க்காமலே போனார்கள். எங்கள் ஊரின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டுவிட்டது. எங்கள் தோட்டங்கள் உள்ள பகுதி இன்னும் விடுவிக்கப்படவில்லை. அப்புவின் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போனோம். அங்கிருந்து எங்கள் ஒழுங்கை அதிக தூரமில்லை. உயிரோடு முப்பத்தைந்து வருடம் காத்திருந்தவர் சாம்பலாகத்தான் அவ்வளவு கிட்டப் போனார்.

"ஒரு நாளைக்கு எல்லாத்தையும் இருந்து எழுதுவம் தம்பி. எந்தக் கல் எல்லைக்கல்லு, எந்தப் பனை ஆருடையது, கிணத்துக்கு ஆர் என்ன குடுத்தது எல்லாம்" என்று அப்பு கடைசி வருடத்தில் பல தடவை சொன்னார். நான் "ஓம் அப்பு" என்றேன். வெங்காயம் நட வேண்டியிருந்தது. மகளின் பிள்ளைப்பேறு வந்தது. ஒரு கொப்பி வாங்க இருபது மீற்றர் நடந்தால் கடை. நான் வாங்கவில்லை.

அலுவலகத்தில் அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் போனதற்கு யுத்தத்தையோ அரசாங்கத்தையோ நான் குறை சொல்ல முடியாது. அது என் பிழை.

எழுதிய கல்லும் எழுதாத சட்டியும்

நூதனசாலையில் நின்றபோது இன்னொரு நூதனசாலை நினைவுக்கு வந்தது. பல வருடத்துக்கு முன் கொழும்புக்குப் போனபோது, அங்கே 1877இல் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலைக்கு ஓர் உறவினர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு கல் இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் எழுதிய கல். சீனப் பேரரசரின் கட்டளைப்படி 1409இல் எழுதி, கடற்படைத் தலைவர் செங் ஹோ இலங்கைக்குக் கொண்டுவந்தது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரையில் கோயில் கொண்ட தென்னாவர நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும் காணிக்கை கொடுத்த விபரம். பொன் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு, பட்டு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று கணக்காக இருக்கிறது.

அந்தக் கல் 1911இல் காலி நகரில் கிடைத்தது. எப்படிக் கிடந்தது தெரியுமா? ஒரு வடிகாலை மூடும் கல்லாகக் கிடந்தது. அதன் பெருமை தெரியாமல் யாரோ வாய்க்காலுக்கு மேல் போட்டுவிட்டார்கள். ஆனாலும் எழுத்து இருந்தபடியால் அது பேசியது. யார், யாருக்கு, எவ்வளவு கொடுத்தார் என்று 500 வருடத்துக்குப் பிறகும் சொன்னது.

கந்தரோடைச் சட்டி அதைவிட மிகப் பழையது. அந்தக் கல்லைப் போல அதை யாரும் வடிகாலில் போடவில்லை. கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆனால் தன்னில் சமைத்தவரின் பெயரைச் சொல்ல அதால் முடியவில்லை.

எழுதுவது என்றால் கல்லில் வெட்ட வேண்டும் என்றில்லை. எங்கள் தேசவழமைச் சட்டம் எப்படி வந்தது என்று பாருங்கள். ஒல்லாந்தர் காலம் வரை அது மக்களின் வாயிலும் வழக்கத்திலும் இருந்தது. முதுசம் யாருக்கு, சீதனம் யாருக்கு, ஈடு வைத்தால் என்ன முறை என்பதெல்லாம் வயதானவர்களைக் கேட்டுத்தான் தீர்த்தார்கள். யாழ்ப்பாணத்தில் பல வருடம் வாழ்ந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி 1706இல் அவற்றைத் தொகுத்து எழுதினார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டது. 12 முதலியார்கள் அதைப் பார்த்துச் சரி என்று ஏற்றுக்கொண்டார்கள். 1707இல் சட்டமாயிற்று. 300 வருடத்துக்கு மேலாகியும் எங்கள் காணி வழக்குகளில் அதைத்தான் புரட்டுகிறார்கள். தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போது கேட்டு எழுதியதால் வந்த பலன் அது.

எழுதிய பின் ஒரே பிரதியை ஓரிடத்தில் வைப்பதும் போதாது. 1981 ஆனி முதலாந் திகதி இரவில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. அவை திரும்பி வரவில்லை.

நான் மறந்துபோன அயலவர்

மழை குறைந்தது. வெளியே வந்து அந்தப் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று உறுதியை இன்னொரு தடவை வாசித்தேன். கிழக்கு எல்லைக்காரர் 1996இலேயே போய்விட்டார். அவர் பிள்ளைகள் கனடாவில். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் ஊரை விட்டபோது மூத்தவனுக்கு ஏழு வயது. மேற்கு அப்பு. தெற்கு ஆச்சி. வடக்கு ஒழுங்கை. ஒழுங்கை சாட்சி சொல்லாது.

அப்போதுதான் ஒருவரின் நினைவு வந்தது. அவர் பெயர் என் உறுதியில் இல்லை. ஒருவரின் உறுதியிலும் இல்லை. ஏனென்றால் அவருக்குக் காணி இல்லை. எங்கள் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர். அயல் என்று எண்ணும்போது எல்லையில் காணி வைத்திருந்தவர்களைத்தான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் எல்லோருடைய வேலியையும் அடைத்த மனிதரை எண்ணவில்லை. 1962இல் அந்தக் கிணறு வெட்டும்போது தகப்பனோடு வந்து கல் சுமந்த பையன் அவர். எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறார்.

இரண்டு மணிக்கு அலுவலகத்துக்குப் போய், "இன்னும் ஒருவர் இருக்கிறார், கூட்டிக்கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினேன். இறங்கும் சந்தியில் ஒரு கொப்பி வாங்கினேன்.

அவர் கொட்டில் வாசலில் கடகம் பொத்திக்கொண்டிருந்தார். 78 வயது. கண் கொஞ்சம் மங்கல். நான் கிணற்றைப் பற்றிக் கேட்டதும் கடகத்தைக் கீழே வைத்தார்.

"கிணத்துக்கு வெடி வைச்ச நாள் தொடக்கம் சொல்லட்டோ?" என்றார்.

சொன்னார். தை பிறந்து வேலை தொடங்கியது. மேலே செம்மண். பிறகு முழுக்கக் கல். வெடி வைத்து உடைக்க உடைக்க இவர்கள் கடகத்தில் சுமந்தார்கள். 22 முழத்தில் தண்ணீர் கண்டது. முதல் தண்ணீரை நாலு பங்காளரும் குடித்தார்கள். பிறகு கல் சுமந்தவர்களுக்கும் கொடுத்தார்கள். முறை, ஆளுக்கு ஒரு நாள். நாலாம் நாள் எங்களுடையது. வாய்க்கால் அப்புவின் தோட்டத்து வேலியோரமாக வந்து, பழைய வேம்புக்குப் பக்கத்தால் எங்கள் தோட்டத்துக்குள் இறங்கும். அந்த வேம்பின் அடியில் எல்லைக்கல்.

"கதியால் சண்டை வந்ததெல்லோ, அப்பு வைச்ச இடம் சரிதான்" என்றார். "கல்லு வேம்புக்கு அங்காலைதான் கிடந்தது. நான்தானே ஒவ்வொரு வரியமும் வேலி அடைச்சனான். ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். பிறகு அதையும் எழுதினேன். என் தகப்பனார் பிழை, அப்பு சரி. அப்புவிடம் இனிச் சொல்ல முடியாது. அவருடைய மகளிடம் அன்றிரவே போய்ச் சொன்னேன். அவள் அழுதாள். "ஐயா கேட்டிருந்தா சந்தோசப்பட்டிருப்பார் அண்ணை" என்றாள்.

ஏன் இதை உங்களுக்குச் சொல்கிறேன்

விடுவிக்கப்பட்ட காணிகளைப் போய்ப் பார்த்தவர்கள் சொன்னதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பல இடங்களில் வேலி இல்லை. ஒழுங்கை இல்லை. வீடும் மரமும் இடித்துத் தள்ளப்பட்டு வெளியாகக் கிடந்தது. தன் வளவு எது என்று தெரியாமல் பிள்ளைகள் நின்றார்கள். அப்போது அவர்களுக்கு வழி காட்டியது ஒரு கிழவரோ கிழவியோதான். "இந்தக் கிணத்துக் கட்டிலை இருந்து இருபது எட்டு வை, அங்கைதான் உங்கடை படலை" என்று சொல்ல ஒருவர் இருந்தபடியால் பலர் தங்கள் நிலத்தைக் கண்டார்கள். அப்படிச் சொல்லக்கூடியவர்கள் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள்.

ஆகவே இந்த மாரி முடிவதற்குள் ஒவ்வொரு குடும்பமும் ஒரு கொப்பி வாங்குங்கள். அதில் எழுத வேண்டியவை இவை:

1. காணியின் பெயர், பரப்பு, நாலு எல்லை. உறுதியில் உள்ள பெயர்களுக்குப் பக்கத்தில் இன்று அந்தக் காணிக்கு உரிய பிள்ளைகள் யார், எங்கே இருக்கிறார்கள் என்பது.

2. எல்லைக்கல், நின்ற பெரிய மரங்கள், கிணற்றிலிருந்து வீட்டுக்கும் படலைக்கும் உள்ள தூரம். கைப்படம் ஒன்று கீறுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை.

3. கிணறு. யார் யாருக்குப் பங்கு, முறை எப்படி, வாய்க்கால் எந்த வழி. நல்ல தண்ணீரா உவரா. எந்த மாதத்தில் தண்ணீர் இறங்கும்.

4. ஒழுங்கைகளும் பொது வழிகளும். கோயில், தேவாலயம், குளம், மயானம், மாடு கட்டிய தரவை ஆகியவை எங்கே இருந்தன என்பது.

5. காணி இல்லாமல் எங்களோடு வாழ்ந்து வேலை செய்தவர்களின் பெயர்கள். எந்த உறுதியிலும் அவர்கள் இல்லை. கொப்பியிலாவது இருக்கட்டும்.

6. இடம்பெயர்ந்த பிறகு இறந்த அயலவர்களின் பெயர், இறந்த திகதி, அடக்கம் அல்லது தகனம் செய்த இடம்.

சொன்னவரின் பெயரையும் வயதையும், எழுதிய திகதியையும் அடியில் எழுதி, அவரிடம் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ வாங்குங்கள். இன்னொருவரும் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டு பேர் வேறு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். சண்டை பிடிக்க வேண்டாம்.

இந்தக் கொப்பி உறுதிக்கு ஈடாகாது. அதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். முக்கியமான விடயங்களைச் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசியாக முடித்து வைப்பது நல்லது. உறுதி தொலைந்தவர்கள் மனம் விட வேண்டாம். நொத்தாரிசு எழுதும் உறுதியின் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகிறது. நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம், திகதி, காணியின் பெயர், இவற்றில் தெரிந்தவற்றைக் கொண்டு தேடி அத்தாட்சிப் பிரதி எடுக்கலாம். அந்த விபரங்களும் பெரும்பாலும் ஒரு முதியவரின் நினைவில்தான் இருக்கும். கொப்பியில் எழுதியதைப் பிரதி எடுத்து ஒன்றை வீட்டிலும் ஒன்றை வேறிடத்தில் உள்ள பிள்ளையிடமும் வையுங்கள்.

முதியவர்களிடம் கேட்கப் போகும்போது உறுதியைத் தூக்கிக்கொண்டு விசாரணைக்குப் போவதுபோலப் போகாதீர்கள். தேத்தண்ணி குடித்து, பழைய கதை கதைத்து, அவர்கள் போக்கில் விடுங்கள். ஆச்சியின் காப்புக் கதையைப் பகிடி என்று விட்டதுபோல நான் விட்ட பிழையை நீங்கள் விடாதீர்கள். அந்தக் கதைக்குள்தான் கணக்கு இருந்தது.

எங்கள் கொப்பியில் இப்போது 31 பக்கம் நிறைந்திருக்கிறது. முதல் பக்கத்தில் கல் சுமந்தவரின் பெருவிரல் அடையாளம். இரண்டாம் பக்கத்தில் அப்பு, மூன்றாம் பக்கத்தில் ஆச்சி. அவர்களே சொல்லியிருந்தால் முப்பது பக்கம் வந்திருக்கும். எனக்கு நினைவில் நின்றதை மட்டும் எழுதினேன். இருவருக்கும் ஆளுக்கு ஒரு பக்கம்தான் வந்தது.

குழுவாகக் கலந்துரையாட

1. எங்கள் உறுதியில் எல்லையாக எழுதப்பட்டவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் யார்? அவர்களைக் கடைசியாக எப்போது சந்தித்தோம்?

2. ஊரில் இருந்த மனத்தாங்கல் ஒன்றை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறோமா? அதைத் தீர்க்க வேண்டியவர் உயிரோடு இருக்கிறாரா?

3. எங்கள் அயலில் காணி இல்லாதவர்கள் யார் யார்? மீள்குடியேற்றம் பற்றிப் பேசும்போது அவர்களுக்கு இடம் கொடுக்கிறோமா?

4. கொப்பியை நாளை தொடங்குவதென்றால், முதலில் யாருடைய வாசலுக்குப் போவோம்?